ஞாபகார்த்தக் குத்திகளுக்கு அவசரமாக ‘அரிய வகை’ என்று பெயர் சூட்டாதீர்கள்

ஞாபகார்த்த நாணயக் குத்தி ஒன்றை அரிய வகை என்று அறிவிப்பதற்கு முன், அதில் காணப்படும் வேறுபாடு அச்சடிக்கப்பட்டபோதே உண்டானதா, மக்கள் கைகளில் புழங்கிய பின் வந்து சேர்ந்ததா என்பதைத் தீர்மானித்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திருகோணமலையில் சேகரிக்கும் எங்களுக்கு இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. உப்புக் காற்றில் கிடந்த குத்தியின் பித்தளைப் பூச்சு உரிந்தால் உள்ளிருக்கும் உருக்கு வெளுத்துத் தெரியும். நேர்த்திக்கடனுக்காக மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி அறையில் நெடுங்காலம் வைத்த காசும் நிறம் மாறியிருக்கும். இவற்றை ‘வெள்ளை ஐந்து ரூபா’ என்றெல்லாம் அழைத்து, புதிதாகச் சேகரிக்கத் தொடங்கிய பிள்ளைகளிடம் பெரும் விலை கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உலோகத்தை அறியக் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. 1996 கிரிக்கெட் உலகக் கிண்ண வெற்றியை நினைவுகூர்ந்து 1999இல் வந்த ஐந்து ரூபாவும், 2007 உலகக் கிண்ணத்தையொட்டி வந்த ஐந்து ரூபாவும் பொன்னிறமானவையே. ஆனால் முன்னது செம்புக் கலப்பு உலோகம், காந்தத்தில் ஒட்டாது. பின்னது பித்தளை பூசிய உருக்கு, உடனே ஒட்டும். 1999 என்று பொறித்த குத்தி காந்தத்தில் ஒட்டினால் முதலில் போலி என்றே சந்தேகிக்க வேண்டும்.

1957 புத்த ஜயந்திக் குத்திகளில் தராசே முதற் சாட்சி. ஒரு ரூபா செம்பு-நிக்கலால் ஆனது. ஐந்து ரூபா ஆயிரத்துக்கு 925 பங்கு தூய்மையுள்ள வெள்ளி, ஏறத்தாழ 28.28 கிராம் எடை கொண்டது. இவற்றுள் சேகரிப்பாளருக்கென்றே பளபளப்பாக அச்சடித்த புரூஃப் குத்திகளும் உண்டு என்பதால், புழங்கிய குத்தியைப் பசை போட்டுத் தேய்த்துப் புரூஃப் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். தேய்த்த குத்தியை லென்ஸின் கீழ்ச் சாய்த்துப் பார்த்தால் தேய்த்த திசையிலேயே மயிரிழைக் கீறல்கள் ஓடுவதையும், எழுத்துகளின் இடுக்குகளில் பழைய கறுப்பு எஞ்சியிருப்பதையும் காணலாம். புரூஃப் குத்தியிலோ எழுத்தின் ஓரங்கள் கூர்மை குன்றாமல் நிற்கும். தேய்ப்பதால் குத்தியின் மூல மேற்பரப்பு அழிந்துபோகிறது. அதை மீட்க வழியில்லை.

உண்மையான வகை எப்படியிருக்கும் என்பதற்கு இந்தியாவின் 1964 நேரு ஐம்பது பைசாவே நல்ல சான்று: ஒரே உருவம், ஆனால் பெயர் ஒன்றில் ஹிந்தியிலும் மற்றதில் ஆங்கிலத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும்.

2013 திகதியிட்ட, பதினொரு மூலைகள் கொண்ட, இலங்கையின் மாவட்டத்துக்கு ஒன்றாக வந்த பத்து ரூபாக்கள் இருபத்தைந்தும் தனித்தனி வடிவமைப்புகள். அவற்றை ஒன்றின் வகைகளாக எண்ணுவது தவறு. எங்கள் திருகோணமலைக் குத்திக்குள்ளேயே இன்னொரு வகை உண்டென்று சொல்ல வேண்டுமானால், அந்த வேறுபாடு இரண்டாவது குத்தி ஒன்றிலும் அதே இடத்தில், அதே வடிவில் இருக்க வேண்டும். அப்படி வைத்திருப்பவர்கள் இரு பக்கப் படங்களுடன் ஓரத்தின் படத்தையும் எடையையும் சேர்த்துப் பதிவிடுங்கள். விலையைப் பிறகு பேசலாம்.