ஹைட்ஃபெல்டை விட ஏமன் ஒரு படி மேல்

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் ஒருமுறைகூட வெல்லாத ஓட்டுநர்களைப் பட்டியலிட்டு, அவர்களில் நிக் ஹைட்ஃபெல்டே சிறந்தவர் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. 183 பந்தயங்கள், 13 முறை முதல் மூவருக்கான மேடை, மறுக்க ஒன்றுமில்லை. 2001இல் சாபர் அணியில் சக ஓட்டுநர் ரைக்கோனனை விட அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர்தான். ஆனால் மெக்லாரன் அணி அழைத்ததோ ரைக்கோனனை! அந்த வயிற்றெரிச்சல் எனக்கே இன்னும் ஆறவில்லை.

ஆனாலும் கிறிஸ் ஏமனை அந்தக் கட்டுரை ஒற்றை வரியில் கடந்து போனது சரியில்லை. அந்த நியூசிலாந்துக்காரர் 5 முறை முதலிடத்திலிருந்து புறப்பட்டவர். ஹைட்ஃபெல்டுக்கு அது ஒரே ஒருமுறைதான் வாய்த்தது. 1968 கனடாவில் ஏமன் பெரும்பகுதி முன்னணியில் ஓடியும் கடைசியில் கார் கைவிட்டது. 1971இல் இத்தாலியின் மொன்சாவில் முன்னணியில் இருந்தபோது ஹெல்மெட் முகக்கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்த தாளைக் கிழிக்கப் போய் கண்ணாடியே கழன்று பறந்தது, ஆறாவதாக வந்தார். அடுத்த ஆண்டு பிரான்சில் டயர் பஞ்சர். மாற்றிக்கொண்டு வந்து, வழியில் இருந்தவர்களையெல்லாம் தாண்டி மூன்றாமிடம் பிடித்தார். வென்றவர்கள் பலரும் அப்படி ஒரு ஓட்டம் ஓடியதில்லை.

ஃபெராரி அணியை விட்டு அவசரப்பட்டு விலகியது மட்டும் அவருடைய சொந்தத் தவறு. அவர் போன மறு ஆண்டே, 1970இல், அந்த அணி நான்கு பந்தயங்களை வென்றது. மற்றபடி ஓட்டத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. 1966 லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை புரூஸ் மெக்லாரனுடன் சேர்ந்து வென்றவர் அவர்.

இன்னொரு ஓட்டுநரான ஹல்கன்பர்க்கையும் கட்டுரையின் பட்டியலில் சேர்த்திருக்கலாம்.