கல்லுக்கு அந்தப் பக்கம் எங்கள் கடல்

சென்னையில் கடலோரமாக ஒரு லாங் டிரைவ் என்றால் எல்லார் வண்டியும் தெற்கே திரும்புகிறது. ஈசிஆர், மகாபலிபுரம், அப்புறம் புதுச்சேரி. வடக்கேயும் அதே கடல்தான். ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரை பல இடங்களில் அது சாலைக்குப் பக்கத்திலேயே வருகிறது. இந்தச் சாலையைச் சென்னை பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

போன ஞாயிறு விடிகாலை அத்தையை பைக்கில் உட்காரவைத்துக் கிளம்பினேன். திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவர். காசிமேட்டில் மீன் ஏலம் சூடாக இருந்தது. வண்டியை நிறுத்தினால் நேரம் போய்விடும் என்று தாண்டிவிட்டோம்.

அங்கிருந்து வடக்கே கரையெங்கும் கருங்கல். அலை மோதினால் சாரல் முகத்தில் தெறிக்கும். முதல்முறை வருகிறவர்கள் பாறைக் கடற்கரை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிட்டே போய்ப் பாருங்கள், பல கற்களில் குழாயை நெடுக்காகப் பிளந்த மாதிரி ஒரு தடம் இருக்கும். குவாரியில் பாறையைப் பிளக்கத் துளை போட்ட அடையாளம். எல்லாம் லாரியில் வந்து கொட்டிய கல்.

நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். மணல் அதற்குத் தெற்கே தங்கியது, மெரினா அகலமானது. இந்தப் பக்கம் வரவேண்டிய மணல் வரவில்லை, கடல் ஊரைத் தின்ன ஆரம்பித்தது. அதைத் தடுக்கத்தான் இந்தக் கல். மெரினா மணலில் எங்கள் பங்கும் இருக்கிறது என்று சொல்வது அதனால்தான்.

திருவொற்றியூர் தாண்டும்போது அத்தை தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். "தோ, அந்த ஃபைபர் படகு நிக்குது பாரு, அதுக்கும் அப்பால எங்க தெரு. கடைசி வீட்டாண்ட ஒரு கெணறு. கடலாண்டயே இருந்தும் தண்ணி அப்படி இனிக்கும்டா." நான் பார்த்தேன். அலைதான் தெரிந்தது.

பேய்க்கரும்பு இனித்த இடம் என்று சொல்லும் பட்டினத்தார் சமாதியும் இதே ஊரில்தான், கடலைப் பார்த்தபடி. இவ்வளவு இருந்தும் இந்தச் சாலையில் நின்று கடல் பார்க்க ஒழுங்கான இடம் கிடையாது. ஓரத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. நான் கேட்பது பெரிய திட்டமில்லை. கல் சுவரில் ஆங்காங்கே இறங்கப் படி, உட்கார நாலு பெஞ்சு, விளக்கு, ஒரு கழிப்பறை. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டதில் சில இடங்களில் மணல் திரும்ப ஒதுங்கியிருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து பரவியது இங்கேதான். மீனவர்களே படகில் போய் வாளியால் அள்ளினார்கள். தினமும் ஆயிரம் பேர் வந்து பார்க்கிற கரையாக இருந்தால் இவ்வளவு துணிச்சலாக அழுக்கைக் கொட்டுவார்களா? ஜனங்கள் வரவேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

இதற்கு மேல் பழவேற்காடு போக மீஞ்சூர், பொன்னேரி சுற்ற வேண்டும். அதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொண்டோம். திரும்பும் வழியில் இரண்டு தூண்டில் வளைவுக்கு நடுவே கொஞ்சம் மணல் தெரிந்தது. அத்தைக்குக் கல் மேல் இறங்க முட்டி ஒத்துழைக்கவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த பையன் ஒருவன் ஊசியை வைத்துவிட்டு வந்து இன்னொரு கையைப் பிடித்தான். கணுக்கால் நனைய பத்து நிமிஷம் நின்றார்.