ஆர்எக்ஸ் 350 வாங்குவோர் கவனத்துக்கு

அமெரிக்காவில் பழைய லெக்சஸ் ஆர்எக்ஸ் (சொகுசு எஸ்யூவி கார்) தேடுவோருக்கு, '2010க்கு முந்தையது எல்லாம் ஒன்றுதான், விலையைப் பார்த்து எடுங்கள்' என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அதை ஏற்க முடியவில்லை. 2004-06 ஆர்எக்ஸ் 330இல் டைமிங் பெல்ட் (என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் ரப்பர் பட்டை). 90,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். கூடவே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவது நல்லது, கூலி ஒன்றுதான்.

2007இல் வந்த ஆர்எக்ஸ் 350இல் டைமிங் செயின். அந்தத் தலைவலி போயிற்று, ஆனால் வேறொன்று வந்தது. தொடக்க கால என்ஜின்களில் விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் அமைப்பு) ஆயில் குழாயின் நடுவில் ஒரு ரப்பர் துண்டு இருக்கும். வெந்து வெந்து அது வெடித்தால் சில நிமிடங்களில் ஆயில் காலி, என்ஜினும் போய்விடும். முழுக்க உலோகமான குழாய்தான் தீர்வு. மாற்றியாயிற்றா என்று வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) கொடுத்து டீலரிடம் கேளுங்கள். டார்ச் அடித்து நேரிலும் பாருங்கள். ரப்பர் தெரிந்தால் மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம், குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் நிற்க நேரும்.

அப்படியே என்ஜினுக்கு வெளியே ஓடும் பெல்ட் (டைமிங் பெல்ட் அல்ல) பக்கம் குனிந்து பாருங்கள். வாட்டர் பம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு உப்புப் போல் படிந்திருந்தால் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது. என்ஜின் முழுக்க ஆறியபிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதல் ஓரிரு நொடி கடகடவென்று கேட்டால் கேம் கியர் (வால்வுகளை இயக்கும் தண்டின் பல்சக்கரம்) தேய்மானம் என்று சந்தேகிக்கலாம், செலவு பெரிது. விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள்.