ராகு காலத்துக்கு வீட்டு வாசல் வரை தெரிய வேண்டாம்

"லொக்கேஷன் எப்போதும் ஆன்ல இருந்தாதான் காலண்டர் ஆப்ல ராகு காலம் சரியா வரும்" என்று சிலர் சொல்வது தவறு. ராகு காலம் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. தீர்க்கரேகை ஒரு டிகிரி நகர்ந்தால் சூரிய உதயம் 4 நிமிடம் மாறும். சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் அதனால் மட்டும் சுமார் 11 நிமிடம் வித்தியாசம். ஆகவே ஊர் தெரிய வேண்டும், அவ்வளவுதான். குமரி மாவட்டத்துக்குள் கன்னியாகுமரியிலிருந்து கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை வரை போனாலும் 2 நிமிடம்கூட மாறாது. அதனால் அந்த மாவட்டத்தில் இருப்பவர்கள் ஆப்பின் ஊர்ப் பட்டியலில் நாகர்கோவிலைத் தேர்ந்தெடுத்தால் போதும். பட்டியல் இல்லையென்றால், ஆண்ட்ராய்டு 12 முதல் அந்த ஆப்பின் இருப்பிட அனுமதிக்குள் 'துல்லியமான இருப்பிடம்' என்பதை அணைத்துவிடலாம். ஆப்பில் அலாரம் வைப்பதற்கு இருப்பிடமே தேவையில்லை.

ஆப்பை நீக்கினாலும் ஏற்கெனவே சர்வருக்குப் போன தகவல் தானாக அழியாது. கணக்கு தொடங்கியிருந்தால் முதலில் கணக்கை நீக்குங்கள், பிறகு ஆப்பை.