எட்டு வருட அனுபவத்துக்கு மேலே ஒன்பது பாடப் பெறுபேறு எதற்கு?

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பங்களை முதலில் பிரித்து வைப்பது என் வேலை. கொழும்பில் எட்டு வருடம் வேலை பார்த்தவரின் சுயவிபரக்கோவையிலும் முதல் பக்கத்தில் பாதியைச் சாதாரண தரப் பெறுபேறு பிடித்துக்கொண்டிருக்கிறது. சுட்டெண், ஆண்டு, பிறகு கட்டம் போட்டு ஒன்பது பாடங்கள். சைவநெறி ஏ, சித்திரம் பி. நான் தேடுவதோ, வங்கிக் கூற்றையும் நிறுவனத்தின் காசேட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை இவர் தனியாகத் தயாரித்திருக்கிறாரா என்பதை. அது இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒற்றை வரியாகக் கிடக்கிறது.

உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை (பாடங்களை ஒப்பிடுவதற்காகத் தரப்படுத்திய புள்ளி) நான்கு தசமதானத்துடன் எழுதி, மாவட்ட நிலையையும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் போவதால் அந்த எண்ணுக்கு ஒரு காலத்தில் உயிர் இருந்தது. உள்ளே போய்ப் பட்டமும் வாங்கிய பிறகு அதற்கு என்ன வேலை? வெள்ளவத்தையில் டியூட்டரிப் பதாகைகளில் 3 ஏ எடுத்த முகங்களைப் பார்த்தே வளர்ந்துவிட்டோம். இறக்கிவைக்க மனம் வருவதில்லை.

இரண்டு, மூன்று வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவர் பாடசாலைப் பெறுபேறுகளைத் தூக்கிவிடலாம் என்பதுதான் என் கட்சி. உயர்தரத்தோடு நேரே சீமா, ஏஏடி போன்ற கணக்கியல் தொழில்சார் படிப்புக்குப் போனவர் மட்டும் உயர்தரத்தை ஒரு வரியில் வைத்துக்கொள்ளட்டும்.

முதல் வேலை தேடும் பட்டதாரியின் நிலை வேறு. காட்டுவதற்கு அவரிடம் வேறு அதிகம் இல்லை. முதலாம், இரண்டாம் வகுப்பு என்று வகுப்புச் சித்தி இருந்தால் பட்டத்தின் பக்கத்திலேயே எழுத வேண்டும். சாதாரண சித்தி என்றால் பட்டம், பல்கலைக்கழகம், ஆண்டு போதும். "போடாவிட்டால் ஒளிக்கிறேன் என்று நினைக்க மாட்டார்களா, அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டான். சிலர் நினைப்பார்கள்தான். ஆனாலும் ஜிபிஏ (பட்டப்படிப்பின் சராசரிப் புள்ளி) 2.74 என்று எழுதி முதல் கட்டிலேயே ஒதுக்கப்படுவதைவிட, நேர்முகத்தில் கேட்கும்போது முகம் பார்த்துச் சொல்வது மேல். கைத்தொலைபேசியில் விரிவுரை கேட்டு, 2022இல் 13 மணி நேரம் வரை நீண்ட மின்வெட்டுக்குள் படித்தவர்களின் புள்ளிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதை வாயால்தான் சொல்ல முடியும். விளம்பரத்திலேயே ஜிபிஏ கேட்டிருந்தால் மட்டும் தப்ப வழியில்லை. எழுதத்தான் வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது ஓர் இடத்தில். 3.28 எடுத்தவர் 3.3 என்று எழுதுகிறார். கேட்டால், கிட்டிய தசமதானத்துக்கு மட்டம் தட்டினாராம்! பெரும்பாலான பீடங்களில் 3.30 என்பது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவின் வாசல். அந்த 0.02இல் ஒரு வகுப்பே மாறிவிடுகிறது. பெறுபேற்றுப் பத்திரத்தைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதே தாளின் அடியில், 'மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன்' என்று கையெழுத்தும் வைத்திருப்பார். எழுதாமல் விட்டவரை நான் அழைத்துப் பேசியிருக்கிறேன். இப்படித் திருத்தியவரை ஒருபோதும் அழைத்ததில்லை.

அரச வேலைக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் உதவாது. எத்தனை பாடம், எவற்றில் திறமைச் சித்தி, எத்தனை தடவையில் என்று வெள்ளிக்கிழமை வர்த்தமானியிலேயே போட்டிருப்பார்கள். கேட்ட ஒழுங்கில் நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.