விசாவுக்காகத்தான் கட்டினாளாம்

நேத்து வெளிநாட்டுப் பொண்ணைக் கட்டப்போற ஒருத்தரோட கல்யாண நோட்டீஸ் போட்டோவை ஷேர் பண்ணி "விசாவுக்காகத்தான் கட்டுறா"ன்னு கமெண்ட் போட்டவங்க எல்லாருக்கும் சேத்துத்தான் இது. ஆட்சேபணை சொல்ல 30 நாள் டைம் குடுத்து ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஒட்டுற பேப்பர் அது. ரெண்டு பேர் அட்ரஸும் இருக்குற பேப்பரை படம் புடிச்சு குரூப் குரூப்பா அனுப்ப யாரு உரிமை குடுத்தா?

என் தம்பி பொண்டாட்டிக்கு பிலிப்பைன்ஸ். அதனால எனக்கு வலிக்குது, மறைக்கல. விசாவுக்காகன்னு சொல்றீங்களே, இந்தியாக்காரனைக் கட்டினா என்ன கிடைக்கும்னு பாத்தீங்களா? கல்யாணத்தை பதிவு பண்ணி 2 வருஷம் போனாத்தான் இங்க வந்து தங்க விடுற ஓசிஐ கார்டுக்கே அப்ளை பண்ண முடியும், அது வந்தாலும் ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது, டைவர்ஸ் ஆனா கார்டையே ரத்து பண்ணலாம். குடியுரிமை வேணும்னா 7 வருஷம் இங்க வாழ்ந்திருக்கணும், சொந்த நாட்டு பாஸ்போர்ட்டையும் விட்டுடணும். இத்தனைக்கும் ஒருத்தி வந்து நிக்கிறான்னா அவனுக்காக வந்திருக்கா, விசாவுக்காக இல்ல.

தம்பி பொண்டாட்டியோட ஓசிஐ கார்டு விசாரணைக்கு வந்தவர் எங்க வீட்டுக் கதவைத் தட்டாம கீழ் வீட்டு அம்மாகிட்ட "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்களா?"ன்னு கேட்டார். இவ துவைச்ச துணியை பக்கெட்டோட தூக்கிட்டு அதே படிக்கட்டுல நிக்கிறா. அவளுக்குத் தமிழ் நல்லாவே புரியும். ஒண்ணும் பேசாம மாடிக்குப் போய் துணியைக் காயப்போட்டா.

இதுவே வெள்ளைக்காரப் பொண்ணா இருந்தா பட்டுப்புடவை கட்டி தாலி ஏறுறதை டிவியில போட்டு "தமிழ் முறைப்படி திருமணம்"னு கொண்டாடியிருப்பீங்க. பிலிப்பைன்ஸ், நேபாளம், ஆப்பிரிக்கான்னா மட்டும் உடனே பணம், விசா. அது சந்தேகம் இல்லங்க, தோலைப் பாத்து வர்ற புத்தி.

கலாச்சாரம் கெடுதுன்னு சொல்றவங்களுக்கு பதில் சொல்ற பொறுமை இன்னிக்கு எனக்கு இல்ல. படிக்கவும் வேலைக்கும் பிள்ளைங்களை ஊர் ஊரா அனுப்பினது நாமதான், போன இடத்துல மனசு மட்டும் பூட்டியே கிடக்கணுமா?

"ஏமாத்துக் கல்யாணமே நடக்கலையா?"ன்னு கேப்பீங்க. நடக்குது. ஃபாரின் மாப்பிள்ளைன்னு ஜாதகம் பாத்து, நகை போட்டு கட்டிக் குடுத்து, லீவு முடிஞ்சு போனவன் போனையே எடுக்காம பிறந்த வீட்டுலயே உக்காந்திருக்குற பொண்ணுங்க நம்ம சொந்தத்துலயே இருக்காங்க. அவனுங்க எல்லாம் நம்ம ஊர், நம்ம ஜாதி. அப்போ எவனும் நோட்டீஸை படம் புடிக்கல, பக்கத்து வீட்டுல விசாரிக்கல. எங்க வீட்டுப் பொண்ணுகிட்ட மட்டும் ஏன்யா இத்தனை கேள்வி?