சோடா கூடினால் சரக்கு குறையுமா?

(திசையன்விளை ரோட்டோரம். வைகாசி வெயில். பதநீர்க்காரர் பனையோலையை மடக்கிப் பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறார். கொத்தனார் கண்டும் காணாததுமாய்க் கடக்கப் பார்க்கிறார்.)

பதநீர்க்காரர்: என்ன வே கொத்தனாரே, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறீர்?

கொத்தனார்: சும்மா இருங்க அண்ணாச்சி. டாக்டர் குடியைக் குறைக்கச் சொன்னார். குறைத்தும்விட்டேன். ஈரல்தான் நம்பமாட்டேன் என்கிறது.

பதநீர்க்காரர்: எப்படிக் குறைத்தீர்?

கொத்தனார்: முன்பு குவார்ட்டருக்கு ஒரு சோடா. இப்போது இரண்டு. பாதியாகிவிட்டதா இல்லையா?

பதநீர்க்காரர்: குவார்ட்டர்?

கொத்தனார்: அது அப்படியேதான் இருக்கிறது.

பதநீர்க்காரர்: ஏன் வே, கலவையில் தண்ணீரைக் கூட்டினால் சிமெண்டு குறைந்துவிடுமா?

கொத்தனார்: தொழிலை இதில் இழுக்காதீங்க. சரி, அதை விடுங்க. பிராந்தி சூடு, பீர் குளிர்ச்சி. அதனால் பீருக்கு மாறிவிட்டேன். ராத்திரிக்கு இரண்டே இரண்டு.

பதநீர்க்காரர்: எந்த பீர்?

கொத்தனார்: ஸ்ட்ராங். மற்றதெல்லாம் வெறும் கழுநீர்.

(பதநீர்க்காரர் நுங்கு வெட்டும் அரிவாளை ஓரமாக வைத்துவிட்டு மண்ணில் விரலால் எழுதுகிறார். படித்தது ஐந்தாம் வகுப்புதான், ஆனால் சதவீதக் கணக்கில் ஆள் புலி.)

பதநீர்க்காரர்: குவார்ட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருப்பான். உள்ளே இருப்பது 77 மில்லி சுத்தச் சாராயம். ஸ்ட்ராங் பீர் 650 மில்லி, 8 சதவீதம் என்றால் 52. இரண்டு பாட்டிலுக்கு 104. குறைத்ததில் 27 மில்லி கூடியிருக்கிறது வே!

கொத்தனார்: குளிர்ச்சியைக் கழிக்கவில்லையே நீங்க!

பதநீர்க்காரர்: அது ஐஸ்பெட்டியின் குளிர்ச்சி. 2023-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது, பயமில்லாமல் குடிக்க அளவே கிடையாது என்று.

கொத்தனார்: (முகம் மலர்ந்து) அளவே கிடையாதா?

பதநீர்க்காரர்: கோட்டிக்காரா, சந்தோஷப்படாதேயும்! கொஞ்சம் குடித்தாலும் கெடுதல்தான் என்கிறார்கள்.

கொத்தனார்: அப்படியா... சரி, ஒரு பட்டை ஊற்றுங்க. (முகர்ந்து பார்த்து) அண்ணாச்சி, ஏதாவது ஒரு கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்திருக்க மாட்டீங்களா?

பதநீர்க்காரர்: மறந்தால் அது கள்ளு. நான் மறந்தாலும் போலீஸ் மறக்காது.

(பட்டையைப் பிடித்த கை ஆடுகிறது. பதநீர் விளிம்பில் தளும்பி முழங்கை வரை வழிகிறது.)

பதநீர்க்காரர்: இந்த நடுக்கம் தினமும் உண்டா?

கொத்தனார்: காலையில் இருக்கும். ஒரு கட்டிங் போட்டால் நின்றுவிடும்.

பதநீர்க்காரர்: (குரல் இறங்கி) அப்படியென்றால் உம் இஷ்டத்துக்கு ஒரேயடியாய் நிறுத்திவிடாதேயும். வலிப்பு வந்தாலும் வரும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் போய்ப் பாரும். மாத்திரை கொடுத்துப் பக்குவமாய் நிறுத்திவிடுவார்கள். உம் டாக்டரிடம் இந்தக் காலைக் கட்டிங்கைச் சொன்னீரா?

கொத்தனார்: இல்லை.

பதநீர்க்காரர்: சோடாவை?

கொத்தனார்: அதைச் சொன்னேன்.

பதநீர்க்காரர்: நல்லது. சர்க்கரை உண்டா உமக்கு?

கொத்தனார்: லேசாக.

பதநீர்க்காரர்: அப்போ இந்தப் பட்டையோடு சரி. இதிலும் இனிப்பு ஏராளம். நாளையிலிருந்து உப்புப் போட்ட நீர்மோர் குடியும். சாயங்காலம் சாரத்தைவிட்டு இறங்கியதும் ஒரு செம்பு மோர், நாலு இட்லி. பசியும் தாகமுமாய் அந்தப் பக்கம் போனால் கால் தானாகவே கடைக்குள் போய்விடும்.

கொத்தனார்: தொட்டுக்கொள்ள?

பதநீர்க்காரர்: இட்லிக்குச் சட்னி வே! சரி, காசை எடும்.

கொத்தனார்: எழுதி வைங்க. சனிக்கிழமை சம்பளம்.

பதநீர்க்காரர்: அங்கேயும் இப்படித்தான் கடன் சொல்வீரோ?

கொத்தனார்: அங்கே எப்படி முடியும்? கம்பிக்கு உள்ளே இருந்தல்லவா கொடுக்கிறான்! காசு உள்ளே போனால்தான் பாட்டில் வெளியே வரும்.

பதநீர்க்காரர்: அப்படியா? இந்த இடத்தைச் சுற்றிச் சுவர் கட்டிக் கம்பி பதிக்க என்ன ஆகும், சொல்லும்.

கொத்தனார்: அட்வான்ஸ் கொடுத்தால் நாளைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம் அண்ணாச்சி.